இ.எஸ்.ஐ. சீட்டும் இரண்டு மணி நேரமும்

அத்தியாயம் 9

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு ஞானமணி வலது கன்னத்தில் சீப்பு படாமல் தலை வாரி முடித்தாள். பிறகு ஒரு பழைய பருத்தித் துண்டை எடுத்து, காது, கன்னம், தாடை மூன்றையும் மறைத்துக் கட்டிக்கொண்டாள். காற்று படக் கூடாது. காற்று பட்டாலும் வலி வந்துவிடும்.

பதினான்கு மாதங்களாக இப்படித்தான். பல்வலி என்று நினைத்து மூன்று பற்களைப் பிடுங்கினார்கள். பற்கள் போயின, வலி போகவில்லை. இது பல் இல்லை, முகத்து நரம்பு என்று இ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டர் நீலாயதாட்சிதான் கண்டுபிடித்தார். அவர் கொடுத்த மாத்திரை வலியைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் மூன்றாவது வாரம் உடம்பெல்லாம் சிவந்து தடித்து, அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில், மண்டையைத் திறந்து செய்கிற ஆபரேஷன் ஒன்று உண்டு, பங்குனிக்கு மேல் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இது புரட்டாசி.

நரம்பிலேயே ஊசி போட்டு வலியை நிறுத்துகிற டாக்டர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் நம் சீட்டை ஏற்றுக்கொண்டால் நான் எழுதித் தருகிறேன் என்றார் நீலாயதாட்சி. எழுதியும் தந்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் மகள் ரீனா இரண்டு வாரமாக அலைகிறாள்.

ரீனாவுக்கு இருபத்திரண்டு வயது. காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை. கூட்டம் இல்லாத நேரத்தில் முதலாளியின் அனுமதியோடு மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போன் போட்டாள். கேட்டது இரண்டே கேள்வி. முகத்து நரம்பு வலிக்கு ஊசி போடுகிற டாக்டர் இருக்கிறாரா? இ.எஸ்.ஐ. சீட்டை வாங்குவீர்களா? முதல் கேள்விக்குச் சில இடங்களில் ஆமாம் என்றார்கள். இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் ஆமாம் சொல்லவில்லை.

பதினோராவது போனில், மதுரையில் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த ஒரு பெரியவர் அகப்பட்டார். செம்மலை டாக்டர் என்று ஒருவர் இந்த ஊசியை இருபது வருடமாகப் போட்டவர், ஓய்வு பெற்றுத் தேவகோட்டைக்கே போய்விட்டார், திங்களும் வியாழனும் அங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் உட்காருகிறார் என்று அவர்தான் சொன்னார்.

ஊர் ஊராகத் தேடிய ஆள் பன்னிரண்டு மைல் தூரத்தில் இருந்தார்.

இவ்வளவு பாடு எதற்கு என்றுதான் அப்பா சூசைமரியான் கேட்டுக்கொண்டிருந்தான். நூல் மில்லை விட்டு நின்றுவிடு, வீட்டில் இரு, பங்குனி வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவனுடைய பேச்சு. ஞானமணி அதற்கு ரீனாவின் நோட்டில் பதில் எழுதிக் காட்டினாள். பேசினால் வலி வரும் என்பதால் அவளுடைய பேச்சு பெரும்பாலும் அந்த நோட்டில்தான்.

'பத்தொன்பது வருசமா மாசா மாசம் என் சம்பளத்துல இ.எஸ்.ஐ.க்குப் பிடிச்சிருக்காக. எனக்கு நோவு வந்த அன்னைக்கு அது உதவலைன்னா எதுக்குப் பிடிச்சாக?'

அதில் இன்னொரு விஷயமும் இருந்தது. இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பில் இருக்கிறவரை மில்லில் அவளை வேலையை விட்டு நீக்க முடியாது. அவளாக எழுதிக் கொடுத்து விலகினால்தான் உண்டு. விலகினால் இ.எஸ்.ஐ. அட்டையும் போய்விடும். ஒரு வருடத்துக்கு உள்ள தொண்ணூற்றொரு நாள் விடுப்பும் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் வலி நிற்க வேண்டும், அவள் நூல் சுற்றும் மிஷினுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

அன்று சூசைமரியான் விடிந்ததும் கொத்து வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டான். மனைவி முகத்தைப் பார்க்கவில்லை. தேவகோட்டைக்கு வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

*

பஸ்ஸில் ரீனா சன்னல் ஓரம் உட்கார்ந்து, ஷட்டரை இறக்கிவிட்டு, தன் உடம்பையே மறைப்பாக வைத்துக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் புழுக்கம் தாங்காமல் தன் பக்கத்து ஷட்டரைத் தூக்கினார். காற்று திரும்பி வந்து துண்டுக்கு உள்ளே புகுந்தது.

ஞானமணி கம்பியைப் பிடித்தாள். கண் மூடவில்லை, முனகவில்லை. கை முட்டி மட்டும் வெளுத்தது. பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரீனாவுக்குத் தெரிந்தது. மனதுக்குள் எண்ணினாள். முப்பத்தைந்து வரை எண்ணியபோது அம்மாவின் பிடி தளர்ந்தது.

ஆஸ்பத்திரி சின்னதுதான். முன்னறையில் மேசை போட்டு நாகவல்லி என்ற பெண் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். இ.எஸ்.ஐ. என்ற எழுத்தைப் பார்த்ததுமே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அந்தச் சீட்டு இங்கே செல்லாது, முதலாளியின் உத்தரவு, இரண்டு வருடமாகவே வாங்குவதில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்கிற பழக்கத்தில் சொன்னாள்.

ரீனா வாதாடவில்லை. டாக்டரைப் பார்ப்பதற்கு உள்ள பீஸைக் கொடுத்து டோக்கன் வாங்கினாள். கடிதத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் செம்மலை குள்ளமான மனிதர். முழங்கை வரை மடித்துவிட்ட கதர்ச் சட்டை போட்டிருந்தார். ரீனா உட்கார்ந்த உடனே, பதினான்கு மாதக் கதையையும் மனப்பாடமாகச் சொல்லத் தொடங்கினாள். பல டாக்டர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வரிசை அது. அவர் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நோவு யாருக்கும்மா?"

"அம்மாவுக்கு சார். அவங்க பேசுனா வலி வந்துரும். அதனால நான்..."

"வரட்டும். எங்க ஆரம்பிச்சு எங்க நிக்கிதுன்னு அவுக சொன்னாத்தான் எனக்குத் தெரியும். நீ சொன்னா நீ பாத்ததுதான் தெரியும்." ஞானமணியின் பக்கம் திரும்பினார். "அவசரமில்ல தாயி. ஒரு வார்த்தை சொல்லுங்க, வலிச்சா நிறுத்துங்க. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் வேற ஆளக் கூப்பிட மாட்டேன்."

ஞானமணி மகளைப் பார்த்தாள். இந்தப் பதினான்கு மாதத்தில் அவளை நேராகப் பார்த்துக் கேட்ட முதல் டாக்டர் இவர்தான். மற்ற எல்லோரும் கூட வந்தவர்களிடமே கேட்டார்கள்.

துண்டை அவிழ்த்தாள். பேசினாள்.

"மூக்கு ஓரத்துல கிளம்பும். மேல் உதட்டுக்கு வரும்." பேச்சு நின்றது. வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. டாக்டர் பேனாவை மூடி வைத்துக் காத்திருந்தார். "கன்னத்துல பாயும். கரண்டு கம்பியத் தொட்ட மாதிரி. எண்ணி அரை நிமிசம். விட்டுட்டுப் போயிரும்."

"போன பெறகு?"

"போன பெறகுதான் பெரிய வலி சார். அடுத்தது எப்ப வரும்னு உக்காந்திருக்கணும். சோத்தக் கையில எடுத்துக்கிட்டு வாய்க்குக் கொண்டு போகாம உக்காந்திருக்கேன். பிள்ளைய முத்தங் குடுக்க விடல. மூஞ்சி கழுவி ஏழு மாசமாச்சு."

அடுத்த அலை வந்தது. அது போகும் வரை ரீனா மனதுக்குள் எண்ணினாள்.

டாக்டர் ஒரு பென்சிலைக் கொடுத்து, முகத்தில் தொடாமல், சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் தெரிகிற உருவத்தில் இடத்தைக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். அவர் நோட்டில் ஒரு முகம் வரைந்து, கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தார். பிறகு விளக்கினார். நரம்பு எலும்பிலிருந்து வெளியே வருகிற இடம் அது. முதலில் மரத்துப்போகிற ஊசி ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். அது இரண்டு மணி நேரம் தாங்கும். அந்த நேரத்தில் வலி நின்றால் இடம் சரி என்று அர்த்தம். அடுத்து ஸ்பிரிட் ஊசி. அது ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூடத் தாங்கும். வலி திரும்பினால் திரும்பப் போடலாம்.

"ஒண்ணு சொல்லணும். அத்தனை நாளைக்கும் அந்தக் கன்னமும் உதடும் மரத்தே இருக்கும். சோறு உதட்டுல ஒட்டியிருந்தாத் தெரியாது."

"ஒட்டட்டும் சார்," என்றாள் ஞானமணி.

*

இப்போதுதான் ரீனா பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

டாக்டர் படித்தார். படித்துவிட்டு நாகவல்லி சொன்னதையே கொஞ்சம் மெதுவாகச் சொன்னார். ஆஸ்பத்திரி அவருடையது இல்லை. இங்கே இ.எஸ்.ஐ. ஏற்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை.

ரீனா இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அந்தக் கடிதத்தை இரண்டு வாரத்தில் நூறு தடவை படித்திருக்கிறாள். அதில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல ஆஸ்பத்திரின்னு எழுதல சார். நிபுணர்னுதான் எழுதியிருக்கு. ஆஸ்பத்திரி ஏத்துக்க வேணாம். நீங்க ஏத்துக்கிட்டாப் போதும். எங்க மருந்தகத்துல ரூம் இருக்கு."

"என்ன ரூம்?"

"அது எனக்குத் தெரியாது. டாக்டரம்மாட்ட கேளுங்க." மேசையில் இருந்த போனைத் தன் பக்கம் இழுத்து, அனுமதி கேட்டு, எண்ணைப் பார்க்காமலே சுழற்றினாள். தொழில் அல்லவா. இரண்டாவது மணியில் நீலாயதாட்சி எடுத்தார்.

இரண்டு டாக்டர்களும் பத்து நிமிடம் பேசினார்கள். விளக்கு, படுக்கை, கொதிக்க வைத்த தட்டு, ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, அவசரத்துக்கு என்னென்ன மருந்து என்று செம்மலை ஒவ்வொன்றாகக் கேட்டார். எதிர்முனையில் எதற்கும் இல்லை என்ற பதில் வரவில்லை போலும். அவருடைய குரல் வரவர இளகியது. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது, இந்த ஊசியைக் கேட்டு ஒருவரும் வரவில்லை, கை மறந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்று சொல்லிச் சிரித்தார்.

போனை வைத்துவிட்டுக் கடிதத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் நான்கு வரி எழுதினார். நோயாளியைப் பார்த்தேன். நோய் இன்னது. காரைக்குடி இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வைத்துச் சிகிச்சை தர ஏற்றுக்கொள்கிறேன். கையெழுத்து, பதிவு எண், தேதி.

"வியாழக்கிழமை காலையில பத்து மணி. இங்க அன்னைக்கு மத்தியானத்துக்கு மேல வந்து உக்காந்துக்கிறேன். ஆனா ஒரு கட்டுப்பாடு இருக்கு. வெளி டாக்டர் அங்க வந்து ஊசி போடணும்னா, மதுரையில உள்ள அவுக மேலதிகாரி எழுத்துல அனுமதி குடுக்கணுமாம். புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள அந்தத் தாள் வரணும். தாள் இல்லாம நான் ஊசியத் தொட்டா உங்க டாக்டரம்மாவுக்கு வேலை போயிரும்."

"நாளைக்கு முதல் பஸ்ஸுல மதுரைக்குப் போறோம் சார்," என்றாள் ரீனா.

"தபால்ல அனுப்பலாம்னு பாத்தேன்."

"தபாலுக்கு நாங்க காத்திருந்தது போதும்."

பரிசோதனை ஊசியை அவர் அப்போதே போட்டார். தொட்டாலே துடிக்கிற கன்னத்தில் ஊசி இறங்குகிற வேதனையைச் சொல்ல வேண்டியதில்லை. ஞானமணி இரண்டு கையாலும் படுக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மேலே ஓடிய மின்விசிறியின் ஒரே ஒரு இறக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். ஐந்து நிமிடம் கழித்து எழுந்து உட்காரச் சொன்னார். கன்னத்தைத் தொடச் சொன்னார்.

அவள் தொடவில்லை. கை பாதி வழியில் நின்றது.

"தொடுங்க தாயி."

ஒரு விரலை வைத்தாள். பிறகு இன்னொரு விரல். பிறகு உள்ளங்கை முழுவதும். யாருடையதோ ஒரு முகத்தைத் தொடுகிறாற்போல இருந்தது. ஆனால் வலி இல்லை.

ரீனா எட்டி அந்தக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். அம்மாவுக்கு அது தெரியவில்லை. கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

மூலையில் கை கழுவும் தொட்டி இருந்தது. ஞானமணி எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். மீண்டும் அடித்தாள். ரவிக்கையெல்லாம் நனைந்தது. டாக்டர் அடுத்த நோயாளியைக் கூப்பிட மணி அடிக்கப் போனவர், கையை எடுத்துவிட்டார்.

மணி ஒன்று பத்து. "மூணு மணி வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல கியாரண்டி இல்ல," என்றார் டாக்டர்.

*

வெளியே வந்ததும் ரீனா ஓட்டலைக் காட்டினாள். அம்மா வயிறாரச் சாப்பிட்டு மாதக்கணக்காகிறது. ஞானமணி தலையை ஆட்டினாள்.

"சோறு பெறகு. மில்லுக்குப் போவோம்."

"எதுக்கும்மா இப்ப?"

"மூணு மாசமா லேபர் ஆபீசர் ஒங்கப்பாவக் கூப்பிட்டு வச்சுத்தான் பேசுறாரு. எனக்கு வாயி இல்லன்னு நெனச்சுக்கிட்டாக. ரெண்டு மணி நேரத்துக்கு வாயி இருக்கு. வா."

பஸ்ஸில் அவளே டிக்கெட் கேட்டு வாங்கினாள். துண்டு மடியில் கிடந்தது. சன்னல் திறந்திருந்தது. மரத்த உதடு ஒரு பக்கம் இழுக்க, வார்த்தைகள் சற்றே குழறியபடி வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தாள். ரீனாவுக்கு ஏன் கண்ணுக்குக் கீழே கருத்திருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தேறியதா, போன மாதம் கோயில் திருவிழாவில் சப்பரம் எத்தனை மணிக்குத் திரும்பியது. நோட்டில் எழுதிக் கேட்கிற அளவுக்கு முக்கியமில்லாத கேள்விகள் எல்லாம் பதினான்கு மாதமாகச் சேர்ந்து கிடந்தன.

இரண்டரை மணிக்கு மில்லுக்குள் நுழைந்தார்கள்.

லேபர் ஆபீசர் கருத்தையா கெட்ட மனிதர் இல்லை. மேலே சொன்னதைக் கீழே சொல்கிறவர். ஞானமணியைத் துண்டில்லாமல் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். நாற்காலி போடச் சொன்னார். உடம்பு தேவலையா என்று விசாரித்தார். பிறகு, எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

விலகல் கடிதம் சனிக்கிழமையே வந்து சேர்ந்துவிட்டது. நல்ல முடிவுதான். சேர வேண்டியதெல்லாம் ஒரு மாதத்துக்குள் வந்துவிடும்.

"எந்தக் கடிதம் சார்?"

அவர் பைலைத் திறந்து திருப்பிக் காட்டினார். 'உடல்நிலை காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.' கீழே, ஞானமணி என்று கையெழுத்து.

ரீனாதான் முதலில் கண்டுகொண்டாள். அப்பா சுவரில் அளவு குறிக்கிற எழுத்து அது. பட்டைப் பென்சிலால் எழுதுகிறாற்போல, ஒவ்வொரு எழுத்தும் நிமிர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அம்மாவைப் பார்த்தாள். கள்ளக் கையெழுத்து என்று சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் வேலையும் போகும், அட்டையும் போகும், வியாழக்கிழமையும் போகும்.

ஞானமணி கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். முகத்தின் ஒரு பாதி அசையவில்லை. மற்றப் பாதியில் என்ன ஓடியது என்று ரீனாவால் சொல்ல முடியவில்லை.

"இது என் கையெழுத்து இல்ல சார்."

கருத்தையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தொன்பது வருசமா உங்க சம்பள நோட்டுல போடுறேன். எடுத்துப் பாருங்க. இது எங்க வீட்டுக்காரர் போட்டது. நான் படுற பாட்டப் பாத்துப் பொறுக்க மாட்டாம போட்டிருக்காரு. அவரு பொறுக்கலைங்கறதுக்காக நான் வேலைய விட முடியாது. வியாழக்கிழமை எனக்கு ஊசி போடுறாக. வெள்ளிக்கிழமை விடுப்பு, சனிக்கிழமை விடுப்பு. திங்கக்கிழமை நான் என் மிஷினுக்கு வாரேன்."

ரீனா, செம்மலை டாக்டர் எழுதியதன் நகலை மேசையில் வைத்தாள். மில் வாசலில் இறங்கியதுமே எதிர்க் கடையில் எடுத்த ஜெராக்ஸ்.

கருத்தையா அதைப் படித்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மேனேஜர் கோயம்புத்தூர் போயிருக்கிறார், நாளைக் காலை பத்து மணிக்கு வருவார், வந்ததும் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றார். அதற்கு முன்னால், கடிதத்தை எழுதிய ஆளே நேரில் வந்து, நான்தான் எழுதினேன் என்று சொன்னால் ரத்தாகும். நீங்கள் மட்டும் சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது மனம் மாறிப் பேசுகிறாள் என்பார்கள்.

"கள்ளக் கையெழுத்து போலீஸ் கேஸும்மா. மேனேஜர் எப்படி எடுத்துக்குவாருன்னு எனக்குத் தெரியாது." குரலைத் தாழ்த்தினார். "நீங்க இ.எஸ்.ஐ. விடுப்புல இருக்கிறவரைக்கும் உங்கள இங்க யாரும் வேலைய விட்டு எடுக்க முடியாது. அதுக்குத்தான் இந்தக் கடிதத்தக் கேட்டுக்கிட்டே இருந்தோம். நான் இதைச் சொல்லக் கூடாது."

ஞானமணி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். மணி மூன்றாக எட்டு நிமிடம் இருந்தது.

*

சூசைமரியான் அன்று வேலை பார்த்த பெரிய வீடு மில்லிலிருந்து நடக்கிற தூரம்தான். பின்கட்டுச் சுவருக்குச் சாரம் கட்டிப் பூசிக்கொண்டிருந்தான். ஞானமணி வேகமாக நடந்தாள். ரீனா பின்னாலேயே ஓடினாள். அப்பாவைத் திட்டாதே என்று சொல்வதா, நன்றாகத் திட்டு என்று சொல்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சாரத்தின் மேலிருந்து சூசைமரியான் திரும்பிப் பார்த்தான். மூடாத முகத்தோடு, வெயிலும் காற்றும் பட, மனைவி நின்றாள். பூசுகிற கரணையைச் சட்டியில் போட்டுவிட்டு இறங்கினான். இறங்குவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் மில் இருக்கிற திசையிலிருந்து வந்திருந்தார்கள்.

"வலி நின்னுருச்சா ஞானம்?" என்றான்.

"கொஞ்ச நேரத்துக்கு. வியாழக்கிழமை போட்டா ஒரு வருசத்துக்கு நிக்கும். டாக்டர் சீட்டுல எழுதிக் குடுத்துட்டாரு."

அவனுக்கு வாய் கோணியது. மேலே பார்த்தான், கீழே பார்த்தான். பிறகு கேட்காமலே சொல்லத் தொடங்கினான். ஒவ்வொரு வாரமும் கருத்தையா ஆள் அனுப்பியது, இவள் சோற்றைத் தொடாமல் எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் தின்றது, இந்த வலியோடு மில்லுக்குத் திரும்பினால் மிஷினில் கையைக் கொடுத்துவிடுவாளோ என்று பயந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தான். கொடுத்த நாளிலிருந்து அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"என்னால பொறுக்க முடியல," என்றான்.

"பொறுத்தது நான். முடியலன்னு எழுதிக் குடுத்தது நீங்க."

அவன் தலை கவிழ்ந்தது. அவள் அவன் கையைப் பிடித்தாள். சிமெண்டு காய்ந்து சொரசொரப்பாக இருந்த அந்தக் கையை எடுத்துத் தன் வலது கன்னத்தில் வைத்தாள். சூசைமரியான் பயந்து கையை இழுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"நாளைக்கு நானும் பிள்ளையும் மதுரைக்குப் போறோம், அனுமதித் தாள் வாங்க. நீங்க காலையில பத்து மணிக்கு மில்லுக்குப் போங்க. மேனேஜருக்கு நேரா நின்னு, இது என் எழுத்து, அவளோடது இல்லன்னு சொல்லிட்டு வாங்க. கருத்தையா சார் இருப்பாரு."

"போலீசுல பிடிச்சுக் குடுத்துட்டா?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் மூக்கின் ஓரத்தில் அது மெல்லக் கிளம்பியது. மரப்பு விலகிக்கொண்டிருந்தது. அவள் அவனுடைய கையைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தில் நின்ற சாரக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். ரீனா தன் வழக்கப்படி எண்ணினாள். சூசைமரியான் எண்ணவில்லை, பார்த்துக்கொண்டே நின்றான்.

அரை நிமிடம் கழிந்தது. ஞானமணி மூச்சு விட்டாள். பேசாமல் இருந்திருக்கலாம். நோட்டு ரீனாவின் பையில்தான் இருந்தது. ஆனாலும் வாயால்தான் சொன்னாள், ஒவ்வொரு வார்த்தையாக.

"குடுத்தாக்க... வியாழக்கிழமைக்குப் பெறகு... ஸ்டேஷனுக்கு நான் வந்து பேசுறேன்."

சூசைமரியான் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான். நாளைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லப் போனான்.